முன் சொக்கை வீட்டிலேயே கழற்றிப் பூட்டலாமா? வன்னியில் சைக்கிள் ஓடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

2022-இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிறையப் பேர் மறுபடி சைக்கிளில் ஏறினார்கள். அப்போது வாங்கியவற்றில் கணிசமானவை முன்னுக்கு சொக் வைத்த மவுண்டன் சைக்கிள்கள். சில புதியவை, சில ஜப்பானிலிருந்து வந்த பாவித்தவை. வரிசை ஒழிந்தது, சைக்கிள் மாமரத்துக்குக் கீழே நின்றது. இப்போது எடுத்து ஓடிப் பார்த்தால் முன்பக்கம் கல்லுப் போல இருக்கிறது, அல்லது "கிறீச்" என்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. பரந்தன் பக்கம் வீடு. இரணைமடுக் குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரக் கிரவல் பாதைகளிலும் ஓடி ஓடி, என் சொக்கை நானே நாலைந்து தடவை பழுதாக்கித் திருத்தியதில் கற்றதுதான் இது. விறாந்தைக்கு வந்து கேட்டவர்களின் கேள்விகளை, கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சொக் சொக் என்கிறீர்கள், உள்ளே என்னதான் இருக்கிறது?

முன் சில்லைப் பிடித்திருக்கும் இரட்டைக் காலைத்தான் நாங்கள் சொக் என்கிறோம். ஃபோர்க் என்பது கடைக்காரரின் சொல். மேலே பளபளவென்று இரண்டு குழாய்கள், அவை நுழைந்து வெளிவரும் தடித்த கீழ்க் கால்கள் இரண்டு. மேல் குழாய் நுழையும் வாயில் ஒரு றப்பர்ச் சீல் இருக்கும். தூசியை வழித்து வெளியே நிறுத்துவது அதன் வேலை. நல்ல சொக்குகளில் அதற்குக் கீழே ஒயில் ஊறிய ஒரு ஸ்பொஞ்ச் வளையம், அதற்கும் கீழே குழாய் ஆடாமல் வழுக்கிப் போக புஷ்கள். பொதுவாக, ஓடுபவரின் இடக்காலுக்குள் ஸ்பிரிங் அல்லது காற்று, வலக்காலுக்குள் டாம்பர். அமுங்கியதைத் துள்ளவிடாமல் மெல்லத் திருப்பி அனுப்புவது டாம்பர்.

ஒயிலையும் புரிந்துகொள்ளுங்கள். டாம்பருக்குள் இருக்கும் ஒயில் வேறு, கீழ்க் காலின் அடியில் கிடந்து புஷ்ஷையும் சீலையும் நனைக்கும் கொஞ்ச ஒயில் வேறு. வீட்டில் நாங்கள் மாற்றப்போவது இரண்டாவதை மட்டும்தான்.

என்னுடையது ஸ்பிரிங்கா, காற்றா என்று எப்படித் தெரியும்?

இடக்காலின் உச்சி மூடியைத் திறந்து பாருங்கள். மோட்டார் சைக்கிள் ரியூப்பில் இருப்பது போன்ற வால்வு தெரிந்தால் காற்று. அங்கே திருகும் குமிழ் மட்டும் இருந்தால் ஸ்பிரிங். தூக்கிப் பார்த்தாலும் தெரியும், ஸ்பிரிங் பாரம். எங்கள் பக்கம் ஓடுபவற்றில் பெரும்பாலானவை ஸ்பிரிங்தான். சன்டூர் நிறுவனத்தின் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் போன்றவை இந்த வகை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதன்முதலாகக் கழற்றிப் பழக அதைவிட நல்லது கிடைக்காது.

எத்தனை நாளுக்கு ஒருக்கால் செய்ய வேண்டும்?

ரொக்‌ஷொக்ஸ் நிறுவனம் கீழ்க் காலைக் கழற்றித் துடைத்து ஒயில் மாற்றுவதற்கு 50 மணி நேர ஓட்டம் என்று கணக்கு வைத்திருக்கிறது. சொக் செய்யும் இன்னொரு நிறுவனமான ஃபொக்ஸ் முழுச் சேர்விசுக்கு 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம் என்கிறது. தினமும் முக்கால் மணி நேரம் ஓடுகிறவருக்கு 50 மணி நேரம் என்பது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். கேட்டால் மலைப்பாக இருக்கும்.

நான் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை, மாதம் பார்க்கிறேன். எங்களுக்கு இரண்டு எதிரிகள். வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகக் காற்றோடு எழும்பும் செம்மண் புழுதி ஒன்று. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைச் சேறு மற்றது. ஆகவே புரட்டாசியில் ஒருக்கால், மழை விட்டுத் தை பிறந்த பின் ஒருக்கால். நல்ல காற்றுச் சொக் வைத்து நிறைய ஓடுபவர்கள் நடுவில் சித்திரையிலும் ஒருமுறை செய்துவிடுங்கள். கொக்கிளாய், முல்லைத்தீவுக் கரையோரம், ஆனையிறவு உப்பளப் பக்கம் ஓடுபவர்களுக்கு உப்புக் காற்று வேறு. அவர்கள் காலக்கணக்கு இல்லாமல் மேல் குழாயில் துரு எட்டிப் பார்க்கிறதா என்று கிழமைக்கொருமுறை பார்க்க வேண்டும்.

ஒன்றும் கழற்றாமல் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். பாதி ஆயுள் அதில்தான் இருக்கிறது. ஓடி முடிந்ததும் பழைய சாரத் துண்டால் இரண்டு மேல் குழாய்களையும் சீலின் வாய் ஓரத்தையும் ஒரு தடவை வழித்துத் துடையுங்கள். புழுதியோடு அப்படியே விட்டால் அடுத்த நாள் முதல் குழியில் அந்தப் புழுதி சீலுக்குள் போய், அரத்தாள் போல ஒவ்வொரு அமுக்கத்துக்கும் தேய்க்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து வீதியெல்லாம் நெல் காய்கிற காலத்தில் பதரும் தூசும் குழாயில் வந்து ஒட்டும். அப்போது இரண்டு தடவை துடைப்பேன்.

இன்னொன்று: ஓடப் புறப்படமுன் சைக்கிளைத் தலைகீழாக ஒரு பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடியில் கிடக்கும் ஒயில் இறங்கி ஸ்பொஞ்ச் வளையத்தை நனைக்கும். ஒட்டுப் போடத் தலைகீழாக வைக்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறதே, அதே நிலைதான். ஹைட்ரோலிக் பிறேக் உள்ளவர்கள் நிமிர்த்திய பின் லீவரை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

சேர்விஸ் ஸ்ரேசனில் மோட்டார் சைக்கிளோடு சேர்த்துச் சைக்கிளையும் பிரஷர் தண்ணீரால் அடிப்பித்து வருகிறார்கள் சிலர். வேண்டாம். அந்தத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும்.

மண்ணெண்ணெயில் கழுவினால் என்ன?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. எனக்குக் காரணம் தெரியும். 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. செயின், பெயாரிங், கை, கால் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் கழுவினோம். செயினுக்கு இன்றைக்கும் அது நல்லதே.

சொக்குக்கு மட்டும் வேண்டாம். ஸ்பொஞ்ச் வளையத்தில் ஊறிய மண்ணெண்ணெய் லேசில் வெளியேறாது. பிறகு நீங்கள் விடுகிற புது ஒயிலையும் அது தண்ணியாக்கிவிடும். சில வகை றப்பர் அதில் ஊதும். புஷ்ஷில் இருக்கும் கிறீஸ் கழுவுப்பட்டுப் போகும். ஒரு கிழமை வெண்ணெய் போல வேலை செய்யும், அடுத்த கிழமை உலோகத்தில் உலோகம் உரசும். பெற்றோல், தின்னர் இன்னும் மோசம். வெளிப்பக்கத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர், உள்பக்கத்துக்குப் பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட். இவை இரண்டும் போதும்.

தேங்காய் எண்ணெய்? தையல் மெசின் ஒயில்? டபிள்யூடி-40?

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24, 25 பாகைக்குக் கீழே உறையும். மார்கழி, தை விடியற்காலையில் போத்தலைப் பார்த்தால் தெரியும். மற்ற நாட்களில் பிசினாகிப் புழுதியைக் கூட்டிச் சேர்க்கும். தையல் மெசின் ஒயில் மிக மெல்லியது, குழாயில் நிற்காது. டபிள்யூடி-40 துருப்பிடித்த நட்டுக்கு நல்லது. சீலில் அடித்தால் உள்ளிருக்கும் கிறீஸைக் கரைத்துக்கொண்டு போகும். "அடித்தவுடன் நல்லா அமுங்குது அண்ணை" என்பார்கள். அமுங்கும். பிறகு வருவார்கள்.

என்ன சாமான்கள் வேண்டும்?

அலன் கீ செற் ஒன்று. 5 மிமீ, 6 மிமீ அடிக்கடி வேலைக்கு வரும். சிறிய குமிழ்களுக்கு 2.5 மிமீ. சில சொக்குகளின் அடியில் அலன் போல்ட்டுக்குப் பதில் நட் இருக்கும், அதற்கு சொக்கற். றப்பர்ச் சுத்தியல், இல்லாவிட்டால் சாதாரணச் சுத்தியலும் ஒரு பலகைத் துண்டும். பாமசிச் சிறிஞ், 10 மில்லி அல்லது 20 மில்லி. பழைய தட்டு, பழைய பத்திரிகை, பஞ்சு உதிராத துணி. காற்றுச் சொக் என்றால் அதற்கென்றே இருக்கும் சிறிய கைப்பம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

எங்கே செய்வது என்பதும் சாமான் மாதிரித்தான். முற்றத்தில் செய்யாதீர்கள். காற்று எழும்ப முன், விடிய ஆறு மணிக்கு, கூட்டிய விறாந்தையில். எங்கள் வீட்டுக் கோழி ஒன்று ஒயில் தட்டில் கால் வைத்து, கழற்றி அடுக்கியிருந்த சீல், வோஷர் எல்லாவற்றையும் மிதித்துக் குசினி வரை போனது. அன்றையிலிருந்து கேற் பூட்டுகிற மாதிரி கூட்டையும் பூட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

எந்த ஒயில்? மோட்டார் சைக்கிள் கடையில் இருக்கிறதை விடலாமா?

முதல் பதில்: உங்கள் சொக்கின் மாதிரிப் பெயரையும் வருடத்தையும் வைத்து, நிறுவனத்தின் கைநூல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வகையும் அளவும் மாதிரிக்கு மாதிரி மாறும். இரண்டு காலுக்கும் வேறு வேறு அளவு கேட்கும் சொக்குகளும் உண்டு.

இரண்டாவது பதில், கொழும்புக்கு ஓடர் கொடுத்து இரண்டு கிழமை காத்திருக்க முடியாதவருக்கு: கீழ்க் காலில் விடும் ஒயில் வழுக்குவதற்கு மட்டும்தான், அது டாம்பருக்குள் போவதில்லை. ஆகவே மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் தரமான ஃபோர்க் ஒயிலை அங்கே விட்டால் சொக் செத்துப்போகாது. மெல்லியதை விட்டுவிட்டுத் தடித்ததாகக் கேளுங்கள், குழாயில் ஒட்டி நிற்கும். நான் இரண்டு மாரிக்கு அப்படி ஓடினேன். பாவித்த எஞ்சின் ஒயிலை மட்டும் எவர் சொன்னாலும் விடாதீர்கள், அதற்குள் உலோகத் துகள் இருக்கும்.

கிறீஸில் கவனம் வேண்டும். வண்டிச் சில்லுக்குப் போடும் லிதியம் கிறீஸைச் சீலில் பூச வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. சொக்குக்கென்று விற்கும் மெல்லிய கிறீஸ் ஒரு சின்ன டப்பா வாங்கினால் மூன்று நாலு வருடத்துக்குப் போதும். இந்த ஒன்றில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

ஸ்பிரிங் சொக்கை எப்படிக் கழற்றுவது?

முதலில் வெளிப்பக்கத்தைக் கழுவிக் காயவிடுங்கள். அழுக்கோடு திறந்தால் அழுக்கை உள்ளே போடத்தான் திறந்த மாதிரி. முன் சில்லைக் கழற்றுங்கள். டிஸ்க் பிறேக் என்றால் டிஸ்க்கைப் பிடிக்கும் கலிப்பரையும் கழற்றி ஹாண்டிலில் தொங்கவிடுங்கள், வயரிலோ குழாயிலோ பாரம் இழுபடக் கூடாது. ஹைட்ரோலிக் என்றால் பிறேக் பாட்களுக்கு நடுவே ஒரு தடித்த மட்டையைச் செருகிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் லீவரை அமுக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள், வெறுமையாக அமுக்கினால் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும்.

இனி இரண்டு காலின் அடியையும் பாருங்கள். போல்ட்டோ நட்டோ இருக்கும். ஒன்றுமே இல்லாமல் மூடியிருந்தால் அது திறந்து திருத்தச் செய்யப்பட்ட சொக் இல்லை. சீலை மெல்ல உயர்த்தி, உள் ஓரத்தைத் துடைத்து, கொஞ்சம் கிறீஸ் வைத்து மூடுவதோடு நிற்க வேண்டியதுதான்.

போல்ட் இருந்தால் மேல் மூடியில் ஸ்பிரிங் அமுங்கத் தொடங்கும் புள்ளியை மாற்றும் பிரீலோட் குமிழை முழுவதும் தளர்த்திவிட்டு, அடிப் போல்ட் இரண்டையும் மூன்று நான்கு சுற்றுத் தளர்த்துங்கள். முழுக்க எடுக்க வேண்டாம். போல்ட் தலையில் றப்பர்ச் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இறுகியிருக்கும் தண்டு "டக்" என்று விடும். பிறகு போல்ட்டை எடுத்து, கீழ்க் காலை இரண்டு கையாலும் பிடித்து நேராக இழுத்தால் கழன்று வரும். எண்ணெய் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்த வகையில் அநேகமாகக் கிறீஸ் மட்டும்தான், அதுவும் கறுத்து, செம்மண்ணோடு குழைந்து, குரக்கன் களி மாதிரி இருக்கும்.

வழித்தெடுங்கள். ஒரு நீளத் தடியில் துணியைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, கீழ்க் காலுக்குள் விட்டுச் சுழற்றுங்கள். துணி வெள்ளையாக வரும் வரை. மேல் குழாய், ஸ்பிரிங், சீலின் உதடு எல்லாம் துடைத்து ஸ்பிரிட் காய்ந்த பிறகு, புஷ்களின் உள்பக்கத்தில் விரலாலோ தடியாலோ கிறீஸ் பூசுங்கள். மேலே ஒரு புஷ், அடியில் ஒரு புஷ். அடிப் புஷ்ஷுக்கு விரல் எட்டாது, அதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். சீலின் உள் உதட்டில் ஒரு மெல்லிய வளையமாகக் கிறீஸ். ஸ்பிரிங்கிலும் கொஞ்சம் பூசினால் "கிறீச்" சத்தம் நிற்கும். அள்ளி அடைக்க வேண்டாம்.

பூட்டும்போது சீலின் உதடு மடியாமல் குழாய் நுழைகிறதா என்று பார்த்துப் பொறுமையாக ஏற்றுங்கள். போல்ட்டை முறுக்கி, சில்லையும் பிறேக்கையும் பூட்டி, ஹாண்டிலில் சாய்ந்து இருபது தடவை அமுக்குங்கள். குழாயில் வழிந்து நிற்கும் கிறீஸைத் துடைத்துவிட்டால் முடிந்தது. முதல் தடவை எனக்கு ஒரு காலை முழுவதும் போனது, இப்போது ஒரு மணி நேரம்.

காற்றுச் சொக்குக்கும் இதே வழிதானா?

வழி ஒன்றுதான், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் கவனம் கூட வேண்டும்.

முதலாவது காற்று. எவ்வளவு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்தது என்று சுவரிலாவது எழுதி வையுங்கள். பிறகு வால்வின் ஊசியை அமுக்கிக் காற்று முழுவதையும் விடுங்கள். சொக்கை நாலைந்து தடவை அமுக்கி இழுத்துவிட்டு மறுபடி அமுக்குங்கள், இன்னும் கொஞ்சம் "உஸ்" என்று வரும். பிஸ்டனுக்குக் கீழ்ப்பக்கத்திலும் ஒரு காற்றறை இருக்கிறது, அதிலிருந்து வருவது அது. காற்று இருக்கும்போது மூடியையோ போல்ட்டையோ தொடவே கூடாது. முகத்தை நேர் மேலே வைத்துக்கொண்டு மூடி கழற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

வலக்காலின் அடியில், அமுங்கியது திரும்பும் வேகத்தை மாற்றும் ரிபவுண்ட் குமிழ் இருக்கும், அநேகமாகச் சிவப்பு. எத்தனை "கிளிக்" என்று எண்ணிக் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். பிறகு அடிப் போல்ட்டைத் தளர்த்தித் தட்டும் வேலை, மேலே சொன்னபடி. எடுத்ததும் தட்டில் ஒயில் வடியும். அதன் நிறத்தைப் பாருங்கள். தேன் நிறம் என்றால் காலத்துக்குச் செய்திருக்கிறீர்கள். கறுப்பு என்றால் பிந்திவிட்டது. பால் தேநீர் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஒயில் வருமென்று பார்த்தால் ஒரு துளிகூட வராமலும் இருக்கும், பாவித்த சைக்கிள்களில் நான் அதிகம் கண்டது அதைத்தான்.

கீழ்க் காலைக் கழற்றித் துடைத்த பின், ஸ்பொஞ்ச் வளையங்களைச் சீலுக்குக் கீழிருந்து மெல்ல எடுத்து ஸ்பிரிட்டில் பிழிந்து காயவைத்து, புது ஒயிலில் ஊறப்போட்டுத் திருப்பி வையுங்கள். கீழ்க் காலைப் பாதி வரை ஏற்றி நிறுத்துங்கள், உள்ளே தண்டுகள் அடியைத் தொடக் கூடாது. சைக்கிளைச் சரித்து, அடியிலுள்ள ஓட்டைகளால் சிறிஞ்சில் ஒயிலை விடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு காலுக்கு 5 முதல் 15 மில்லிக்குள் இருக்கும், இன்னும் கூடக் கேட்கும் மாதிரிகளும் உண்டு. "கொஞ்சம் கூட விட்டால் நல்லது" என்ற கணக்கு இங்கே பிழைக்கும். ஒயில் கூடினால் கீழ்க் காலுக்குள் காற்றுக்கு இடம் குறையும், கடைசி இரண்டு அங்குலம் அமுங்காது.

பிறகு முழுவதும் தள்ளி, வோஷரோடு அடிப் போல்ட்டைப் பூட்டுங்கள். இறுக்கம் முக்கியம். ரொக்‌ஷொக்ஸுக்கு ஏறத்தாழ 7 நியூட்டன் மீற்றர், ஃபொக்ஸுக்கு 5.6 அளவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனர் இல்லாதவருக்கு ஒரு கணக்கு: 10 சென்ரிமீற்றர் நீளக் கைப்பிடியின் நுனியில் 7 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம்தான் 7 நியூட்டன் மீற்றர். எங்கள் கை மோட்டார் சைக்கிள் நட் இறுக்கிப் பழகிய கை, அதை இங்கே காட்டினால் கீழ்க் காலோ போல்ட்டோ போகும்.

டிஸ்க்கிலோ பிறேக் பாட்டிலோ ஒயில் பட்டதா என்று கடைசியில் பாருங்கள். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைக்கலாம். பாட் குடித்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். வடித்த பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், ஒரு போத்தலில் சேர்த்துக் கராஜ்காரரிடம் கொடுங்கள்.

போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலவில்லை. என்ன செய்ய?

போல்ட்டோடு சேர்ந்து உள்ளிருக்கும் தண்டும் சுற்றுகிறது. ஸ்பிரிங் சொக் என்றால் இன்னொருவரை ஹாண்டிலில் சாய்ந்து அமுக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் தண்டை அழுத்திப் பிடிக்கும், அந்த நேரத்தில் திருப்புங்கள். காற்றுச் சொக்கில் கீழ்க் காலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துத் திருப்பினால் அநேகமாக விடும்.

சீல் மாற்ற வேண்டுமா? எப்படி?

மேல் குழாயில் மெல்லிய ஒயில் பூச்சுத் தெரிந்தால் நல்ல அறிகுறி, பயப்பட வேண்டாம். வளையமாகத் திரண்டு வழிந்தாலோ, சீலின் உதடு வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். வாங்கும்போது சைக்கிள் பெயரைச் சொன்னால் போதாது, மேல் குழாயின் விட்டமும் சொக்கின் மாதிரியும் தேவை. 28, 30, 32, 34, 35 மிமீ என்று பல அளவுகள் உண்டு. வேர்னியர் கலிப்பர் இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளக்க வேண்டாம், 1 மிமீ பிழைத்தால் காசு போச்சு.

பழைய சீலைக் கிளப்ப ஒரு பெரிய ஸ்பனரின் நுனியோ ரயர் லீவரோ உதவும், காலின் விளிம்பில் ஒரு துணி மடித்து வைத்துக்கொண்டு. புதியதை இறக்க நிறுவனம் ஒரு கருவி விற்கிறது. நான் பாவிப்பது கிணற்றடிக் குழாய் வேலையில் மிஞ்சிய பிவிசி பைப் துண்டு. சீலின் வெளி விளிம்பில் சரியாக உட்காரும் அளவைப் பார்த்து, நுனியை அரத்தாளில் மட்டமாக்கி, மேலே பலகை வைத்து மெல்லத் தட்டினால் நேராக இறங்கும்.

மேல் குழாயில் கீறல் விழுந்திருக்கிறது. துருவும் இருக்கிறது.

நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தடக்காவிட்டால் விட்டுவிடுங்கள். தடக்கினால், அது சிறு குத்து என்றால், 1500 அல்லது 2000 இலக்க நீர் அரத்தாளை நனைத்து, எழும்பி நிற்கும் விளிம்பை மட்டும் மட்டமாக்கி, குழியில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி வைத்துக் காயவிட்டு மறுபடி மெல்லத் தேயுங்கள். வீட்டில் மகளிடம் கேட்டு வாங்குவது நல்லது, கேட்காமல் எடுத்து நான் பட்டது போதும். நீளக் கீறல் என்றால் சீலை அது தினமும் வெட்டும். குழாயை மாற்றுவது என்றால் மேல் பாதி முழுவதையும் மாற்றுவது, விலை கூடுதலாக வரும்.

துரு பிடிப்பது குரோம் பூசிய இரும்புக் குழாயில். மேலோட்டமானதை மெல்லத் தேய்த்து எடுத்து ஒயில் பூசி வைக்கலாம். குழி விழுந்துவிட்டால் குரோம் திரும்பாது.

காற்று எவ்வளவு அடிக்க வேண்டும்? ரயர் கடைக் கொம்பிரசரில் அடிக்கலாமா?

கொம்பிரசர் வேண்டாம். சொக்கின் காற்றறை மிகச் சிறியது, ஒரு கணத்தில் அளவு தாண்டிவிடும். ரயருக்கு அடிக்கும் கால்பம்மும் சரிவராது, கழற்றும்போதே பாதி போய்விடும்.

சொக்கின் பின்பக்கத்தில் உடல் எடைக்கு இவ்வளவு என்று ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு மேல் குழாயில் சீலோடு ஒட்ட ஒரு கேபிள் டை கட்டி, நீங்கள் ஓடும் உடுப்போடும் தண்ணீர்ப் போத்தலோடும் மெல்ல ஏறி நின்று, மெல்ல இறங்குங்கள். டை எவ்வளவு நகர்ந்தது? 100 மிமீ அமுங்கும் சொக்கில் 20 மிமீ என்றால் அது 20 சதவீதம். கிரவல் வீதிக்கும் குளக்கட்டுக்கும் 15 முதல் 20 போதும், காட்டுப் பாதையில் வேரும் கல்லும் ஏறி இறங்குபவர்கள் 25 வரை விடலாம். அளந்த பின் டையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

எந்த நேரத்தில் அடிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். விடியப் 27 பாகையில் 100 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, மத்தியானம் வெயிலில் விட்டு அது 47 பாகைக்குச் சூடானால் 107-ஐத் தாண்டியிருக்கும். "காலையில் மெத்தென்று இருந்தது, பின்னேரம் இறுகிவிட்டது" என்பவர்களுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

ஸ்பிரிங் சொக்காரருக்கு ஒரு வார்த்தை: பிரீலோட் குமிழைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகாது. அமுங்கத் தொடங்கும் புள்ளி மட்டும்தான் மாறும். நீங்கள் 90 கிலோ, ஸ்பிரிங் 65 கிலோக்காரருக்கானது என்றால் குமிழால் ஆகாது, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

முன் பிறேக் பிடித்தால் "டக் டக்" என்று ஆடுகிறது. சொக்கா?

முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒரு விரலை ஹாண்டில் கழுத்தின் பெயாரிங் இடைவெளியில் வையுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் அது கழுத்து, சொக்கைக் குறை சொல்லாதீர்கள். அடுத்துச் சீலின் வாயில் விரலை வையுங்கள். அங்கே ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. மயிரளவு ஆட்டம் புதுச் சொக்கிலும் இருக்கும். நல்லாக ஆடினால் புஷ் மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கருவி தேவை, வீட்டு வேலை இல்லை.

மேல் குழாய் இரண்டும் சேரும் தோளில் வெடிப்புத் தெரிந்தால் ஓடுவதையே நிறுத்துங்கள். அதை எவரும் ஒட்டவும் கூடாது.

சைக்கிள் வெள்ளத்தில் நின்றது. உடனே கழற்ற வேண்டுமா?

ஓம், அந்தக் கிழமையே. 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிக் கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் நின்றபோது என் சைக்கிளும் சில்லு மூடத் தண்ணீரில் நின்றது. வீடு, நெல், ஆடு என்று ஆயிரம் வேலை. சொக்கை நினைத்தது மாசியில். திறந்தபோது சேறு காய்ந்து புஷ்ஷோடு ஒட்டியிருந்தது, ஒரு குழாயில் அரை அங்குல உயரத்துக்குத் துருக் குழி. அந்தச் சொக் போனது போனதுதான். முழுச் சேர்விசுக்கு நேரமில்லை என்றால், காற்றை விட்டு, அடிப் போல்ட்டை எடுத்துத் தண்ணீரை வடிய விட்டு, கொஞ்சம் ஒயில் விட்டாவது பூட்டி வையுங்கள்.

சொக்கை அமுங்காமல் பூட்டி வைக்கும் லொக்அவுட் வேலை செய்யவில்லை. டாம்பரைத் திறக்கலாமா?

முதலில் வயர் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஹாண்டிலில் சுவிட்ச் உள்ளவற்றில் பாதிப் பிரச்சினை அதுதான். டாம்பருக்குள் போய்விட்டால் கைநூலும் தகுந்த ஒயிலும் காற்றுக் குமிழி வெளியேற்றும் பொறுமையும் வேண்டும். மலிவான சொக்குகளில் டாம்பர் தனிக் குழலாகவே வரும், திருத்துவதைவிட மாற்றுவது லேசு. பின் சொக் உள்ள சைக்கிள் என்றால் அதன் பின் சொக்கைத் தொடவே வேண்டாம். பலவற்றில் அழுத்தமான நைதரசன் அடைத்திருக்கும்.

மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் கொடுத்தால் என்ன?

தாராளமாக. ரொக்‌ஷொக்ஸைத் தொடங்கிய போல் ரேர்னரே மோட்டோகுரொஸ் உலகத்திலிருந்து வந்தவர்தான், தத்துவம் ஒன்றே. நான் ஒருமுறை நல்ல கைவந்த ஒருவரிடம் கொடுத்தேன். சீல் வடிவாகப் பூட்டினார், பிறகு மோட்டார் சைக்கிள் கணக்கில் ஒரு காலுக்குக் கோப்பைக் கணக்கில் ஒயில் விட்டார். பாதிக்குமேல் அமுங்கவில்லை. குறை அவருடையது இல்லை, அளவை நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் கொடுத்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: எந்த ஒயில், எத்தனை மில்லி, எவ்வளவு இறுக்கம்.

எல்லாம் பூட்டி முடித்துவிட்டேன் அண்ணை, ஒரு சின்ன வோஷர் மிஞ்சியிருக்கிறது.

அடிப் போல்ட்டின் வோஷராக இருக்கும். இரவு முன் சில்லுக்குக் கீழே ஒரு பத்திரிகைத் தாளை விரித்துவிட்டுப் படுங்கள். விடிய எந்தக் காலுக்கு நேரே எண்ணெய்ப் பொட்டு விழுந்திருக்கிறதோ, அந்தக் கால்தான். காற்றை விட்டுவிட்டு அந்தப் போல்ட்டை மட்டும் கழற்றி, போன அளவு ஒயிலை விட்டு, வோஷரைப் போட்டுப் பூட்டுங்கள். கோழிக்கூட்டைத் திறப்பது அதற்குப் பிறகு.